பிள்ளை பெற்ற வயிறு உள்ளே போக, பாயில் படுத்தே தொடங்கும் பயிற்சி

பாவாடை நாடாதான் முதலில் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது பிரசவம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தங்கையின் நிச்சயத்துக்குப் பட்டுப்புடவை கட்டலாம் என்று பழைய உள்பாவாடையை எடுத்தேன். முன்பெல்லாம் முடிச்சுப் போட்ட பிறகும் நீளமாகத் தொங்கும் நாடா, அன்றைக்கு முடிச்சுப் போடவே விரலுக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் இன்ச் டேப் வாங்கி அளந்தேன். முப்பத்தாறரை அங்குலம்.

அன்று இரவே செல்போனில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, தினமும் ஐம்பது சிட்-அப் (மல்லாந்து படுத்து, மேலுடம்பைத் தூக்கி எழுவது) என்று ஆரம்பித்தேன். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் தலையைத் தூக்கும்போது குனிந்து பார்த்தால், தொப்புளுக்கு மேலே, வயிற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு எழும்பி நின்றது. தோலுக்கு அடியில் ஒரு நீளக் கத்தரிக்காயைப் படுக்க வைத்தது போல. பயந்துபோய் தருமபுரிக்கு பஸ் ஏறி ஒரு பிசியோதெரபி நிபுணரைப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இது வெறும் கொழுப்பு இல்லைம்மா, தசை விலகியிருக்கிறது. முதலில் சிட்-அப்பை நிறுத்துங்கள்."

வயிற்றின் முன்புறம் விலா எலும்பிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை இரண்டு தசைப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. நடுவில் அவற்றை இணைக்கும் நார்ப்பகுதி, குழந்தை வளர வளர இழுபட்டு அகன்றுவிடுகிறது. இவற்றுக்கு அடியில், இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் ஆழமான தசை ஒன்றும் உண்டு. பிரசவம் முடிந்ததும் எங்கள் ஆயா பழைய பருத்திப் புடவையைச் சுற்றி வயிற்றைக் கட்டிவிடுவாரே, அந்தக் கட்டு செய்கிற வேலையை உள்ளேயிருந்து செய்வது இந்தத் தசைதான். அது தளர்ந்து கிடக்கும்போது சிட்-அப் செய்தால், உள்ளே ஏறும் அழுத்தம் நடுக்கோட்டை இன்னும் வெளியே தள்ளும். நான் பதினோரு நாளாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

புடவைக் கட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தளர்வாகக் கட்டினால் முதுகுக்கு ஆதரவாக இருக்கும், நடக்கச் சுகமாக இருக்கும். கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி, கர்ப்பப்பையைத் தாங்கும் தசைகளுக்குத்தான் கேடு. ஆயாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லித் தோற்றுவிட்டேன்.

யார், எப்போது தொடங்கலாம்

சுகப்பிரசவம் என்றால், வலி தணிந்த சில நாட்களிலேயே கீழே சொல்லும் மூச்சுப் பயிற்சியையும் இடுப்புத் தளப் பயிற்சியையும் படுத்தபடி தொடங்கலாம். மற்றவை எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் பார்த்துச் சரி என்ற பின்தான். கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். சிசேரியன் என்றால் எதைத் தொடங்கவும் மருத்துவரின் வார்த்தை வேண்டும். தையல் மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஆறக் கூடுதல் காலம் பிடிக்கும். மூத்த பிள்ளைக்கே ஐந்து வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்பவர்களும் இதே வரிசையில்தான் தொடங்க வேண்டும். தாமதம் ஒன்றும் ஆகிவிடவில்லை.

பயிற்சியின்போது இரத்தப்போக்கு திரும்பினாலோ அதிகமானாலோ, தலை சுற்றினாலோ, தையல் இடத்தில் வலி இழுத்தாலோ, கீழே ஏதோ இறங்குவது போல பாரமாக இருந்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முதல் படி: அளப்பது

காலையில், சாப்பிடுவதற்கு முன், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். டேப் தொப்புளில் ஓட வேண்டும் என்பதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், கிடைமட்டமாக, தோலை அமுக்காமல் பிடியுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற தொல்லைகளுக்கு வாய்ப்புக் கூடுகிறது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். அங்குலத்தில் ஏறத்தாழ முப்பத்தொன்றரை. தேதியோடு நாட்காட்டியில் குறித்துவிட்டு டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். தினமும் அளந்தால் பைத்தியம் பிடிக்கும்.

இரண்டாம் படி: விரல் சோதனை

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையின் விரல் நுனிகளைத் தொப்புளுக்குச் சற்று மேலே, குறுக்குவாக்கில் வையுங்கள். மூச்சை விட்டபடி தலையை மட்டும், தோள் லேசாக எழும் அளவுக்குத் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை விறைப்பதும், நடுவில் ஒரு பள்ளம் இருப்பதும் விரலுக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில் எத்தனை விரல் அடங்குகிறது என்று பாருங்கள். தொப்புளிலும், அதற்குக் கீழேயும் இதே போலப் பாருங்கள். ஒன்றிரண்டு விரல் என்றால் கவலை இல்லை. எனக்கு மூன்று விரல் இறங்கியது. அடியில் பிடிப்பே இல்லாமல், ஊறிய அப்பளத்தைத் தொடுவது போல இருந்தது. மூன்றும் அதற்கு மேலும் இருந்தாலோ, தொப்புளில் தனியாக ஒரு முண்டு துருத்தினாலோ, நேரில் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். முண்டு குடலிறக்கமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: ஊதாங்குழல் மூச்சு

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

அதே போலப் படுத்து, ஒரு கையை அடிவயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுங்கள். வயிறும் விலாவும் விரியட்டும். இப்போது விறகடுப்பை ஊதாங்குழலில் ஊதுவது போல, உதட்டைக் குவித்து நீளமாக ஊதுங்கள். ஊதும்போது தொப்புள் முதுகை நோக்கித் தானாக உள்ளே போவதைக் கை உணரும். இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கும் சற்று உள்ளே விரலை அழுத்தினால், ஒரு நாடா இறுகுவது போலத் தெரியும். அந்த ஆழமான தசை அதுதான். ஊதி முடித்ததும் மூச்சை அடக்காமல், அந்த இறுக்கத்தை மட்டும் ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். பத்து முறை. காலை, மதியம், இரவு.

பலர் செய்யும் தவறு, வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வது. புகைப்படத்துக்கு நிற்பது போல. அது பயிற்சி இல்லை. முகம் சிவந்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

நான்காம் படி: யாரும் வெளியே சொல்லாத தசை

தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் சொட்டுகிறது. இரண்டு பிள்ளை பெற்ற நம் வீட்டுப் பெண்கள் இதைத் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை. பேசாமல் துணி வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டிவிடுகிறார்கள். வயிற்றுக்கு அடித்தளமாக, தொட்டில் துணி போல இருக்கும் இடுப்புத் தளத் தசை தளர்ந்ததன் விளைவு இது. பெரும்பாலும் பயிற்சியில் சரியாகக்கூடியது.

சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். ஐந்து எண்ணி, முழுதாகத் தளர விட்டு, மீண்டும் ஐந்து எண்ணிச் செய்யுங்கள். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. தொடையோ பிட்டமோ இறுகக் கூடாது. கெகல் பயிற்சி என்று சொல்வது இதைத்தான். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் செய்தால் தனியாக நேரம் தேட வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள்; அது சிறுநீர்ப்பையைக் கெடுக்கும்.

முதல் இரண்டு வாரம் இந்த இரண்டு பயிற்சிகள் மட்டுமே. போதாது என்று தோன்றும். போதும்.

ஐந்தாம் படி: குதிகால் இழுப்பது

பயிற்சி தொடங்கிய மூன்றாம் வாரம் முதல், அதுவும் பிரசவமாகி ஆறு வாரம் கடந்திருந்தால். வெறும் கோரைப்பாய் வழுக்கும். அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள். கால்பக்கம் மட்டும் வெறும் தரையாக இருக்கட்டும்.

முழங்காலை மடக்கிப் படுத்து, ஊதிக்கொண்டே முதுகின் வளைவைத் தரையோடு தரையாக அமுக்குங்கள். ஓர் எறும்பு நுழைய இடம் இருக்கக் கூடாது. இது மட்டும் பத்து முறை. அது பழகியதும், அதே நிலையில் முதுகு எழாமல், ஒரு குதிகாலைத் தரையில் உரசியபடி மெதுவாக நீட்டி, மூச்சை இழுத்து மடக்குங்கள். பிறகு மறுகால். பக்கத்துக்கு எட்டு. காலில் சாக்ஸ் இருந்தால் வழுவழுவென்று போகும். கால் நீளும்போது முதுகு வில்லாக வளைந்தால் அதுதான் உங்கள் எல்லை; பாதி தூரத்தோடு நிறுத்துங்கள். பார்க்க ஒன்றுமில்லாத பயிற்சி. எனக்கு முதல் நாள் நான்காவதிலேயே அடிவயிறு நடுங்கியது.

எழுந்திருக்கும்போது நேராக எழாதீர்கள். ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழுங்கள். இரவில் குழந்தை அழுதாலும் அப்படித்தான்.

ஆறாம் படி: பாலமும் நாலு காலும்

ஐந்தாம் வாரத்தில் பாலம். முழங்கால் மடக்கிப் படுத்து, ஊதியபடி இடுப்பைத் தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள். பத்து முறை, இரண்டு சுற்று.

ஏழாம் வாரம் முதல் குழந்தை தவழ்வது போல நாலு காலில் நின்று, தொப்புளை உள்ளிழுத்து, ஊதியபடி ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுங்கள். முதுகின் மேல் ஒரு தட்டு வைத்தால் விழக் கூடாது. பக்கத்துக்கு ஆறு. என் சின்னவன் இதைப் பார்த்ததும் முதுகில் தொற்றி ஏறப் பார்ப்பான். ஆகவே அவன் தூங்கும் நேரத்தில்தான்.

ஒன்பதாம் வாரத்தில் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஸ்டூலில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது, முழங்கால் ஊன்றிய பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது). எதைச் செய்தாலும் ஒரு விதி: நடுவயிற்றில் அந்தக் கத்தரிக்காய் எழும்பினால் ஒரு படி கீழே இறங்குங்கள். குதித்தல், முழு பிளாங்க், சிட்-அப் எல்லாம் பள்ளம் இரண்டு விரலுக்குள் வந்து, அடியில் பிடிப்பு தெரிந்த பிறகு யோசிக்கலாம். பிரசவத்துக்காகத் தளர்ந்த மூட்டுகள் இறுகவும் சில மாதங்கள் ஆகும்.

குடமும் குழந்தையும்

எங்கள் தெருவில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பத்துக் குடமாவது பிடிப்பேன். ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ, அதுவும் எப்போதும் இடது இடுப்பில். குழந்தையும் அதே இடுப்பில்தான். இருபது நிமிடப் பயிற்சியை இந்த ஒரு மணி நேரம் தின்றுவிடும். இப்போது குடத்தை அரைக்குடமாக்கி, இரண்டு கையிலும் இரண்டு வாளியாகப் பிரித்துவிட்டேன். தூக்கும் முன் முழங்காலை மடக்கி, ஊதிக்கொண்டே தூக்குகிறேன். ஊதாங்குழல் மூச்சு பாயில் மட்டும் இருந்தால் பயன் பாதிதான். மாவு அரைத்த கிரைண்டர் கல்லைத் தூக்கும்போதும் வர வேண்டும்.

சாப்பாடு, நடை, அத்தை

இடுப்பில் மட்டும் கொழுப்பைக் கரைக்கும் பயிற்சி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. மேலே சொன்னவை தசையை இழுத்துக் கட்டும். கொழுப்பு குறைய நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைமணி வீதம் ஐந்து நாள். பாலக்கோட்டில் தக்காளி வண்டிகள் புறப்பட்டு ஓய்ந்த பிறகு நான் நடக்கப் போவேன்.

பால் கொடுக்கிற தாய் பட்டினி கிடக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாகவே தேவை. வாரம் அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க நினைக்காதீர்கள். நம் ஊர்க் கேழ்வரகுக் களி நல்லது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, கீரைக் கடைசலையும் முட்டையையும் கூட்டுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குப் பிறகு 180 நாளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போடாமல் சாப்பிடுங்கள், டீயோடு வேண்டாம். கிருஷ்ணகிரிப் பெரியம்மா மாம்பழக் கூடை அனுப்பும் மாதத்தில் மட்டும் இன்ச் டேப்பை நான் தொடுவதில்லை.

"பச்சை உடம்பை இப்படி வளைத்தால் பால் வற்றிப்போகும்மா" என்று அத்தை முதல் மாதம் முழுக்கச் சொன்னார். மிதமான பயிற்சியால் பால் குறைவதில்லை. பால் கொடுத்துவிட்டுச் செய்தால் மார்பும் கனக்காது, தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்க வேண்டும். இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று, குழந்தையின் எடை அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

முதல் நான்கு வாரம் டேப்பில் அரை அங்குலம்கூட அசையவில்லை. முதலில் மாறியது முதுகுவலி. அது மூன்றாம் வாரமே விட்டுப்போனது. ஆறாம் வாரம் மூன்று விரல் இரண்டாகியது. நான்கு மாதம் முடிந்தபோது முப்பத்துமூன்று. கல்யாணத்துக்கு முந்தைய இருபத்தொன்பது வரவில்லை, வரும் என்றும் நான் உட்கார்ந்திருக்கவில்லை. போன வாரம் தங்கையின் கல்யாணத்துக்கு அதே பாவாடையைக் கட்டினேன். முடிச்சு விழுந்த பிறகு நாலு விரல் நாடா மிச்சம் இருந்தது, சின்னவன் பிடித்து இழுக்கும் அளவுக்கு.