டெபியனில் போஸ்ட்கிரெஸ் சர்வர்: நிறுவுவதும் பார்த்துக்கொள்வதும்

டெபியன் லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை நிறுவ ஐந்து நிமிடம் போதும். அப்புறம் அதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதில்தான் உழைப்பு இருக்கிறது. அதனால் நிறுவுவதைச் சுருக்கமாகவும் பேக்கப்பைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, அது முடிந்ததும் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்’ கொடுங்கள். டெபியன் ஒரு கிளஸ்டரை (ஒரே சர்வரின் கீழ் இருக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்பை) உருவாக்கித் தானே ஓடவும் விட்டுவிடும். ‘பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்’ என்று அடித்தால் போர்ட் எண் 5432, பக்கத்தில் ‘ஆன்லைன்’ என்று தெரியும்.

அடுத்து பயனர். புதிதாக வருபவர்கள் “பாஸ்வேர்ட் என்ன?” என்று தேடி அலைவது இங்கேதான். தொடக்கத்தில் பாஸ்வேர்டே கிடையாது. அதே மெஷினுக்குள் ‘பியர்’ முறைதான் நடப்பு: லினக்ஸில் என்ன பெயரில் லாகின் செய்திருக்கிறீர்களோ, அதே பெயரில் டேட்டாபேஸிலும் பயனர் இருந்தால் உள்ளே விடும். உங்கள் லாகின் பெயர் மலர் என்றால், ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் கிரியேட்யூசர் மலர்’. பிறகு ‘கணக்கு’ என்ற பெயரில் மலருக்கு ஒரு டேட்டாபேஸ் உருவாக்க, ‘சூடோ -யு போஸ்ட்கிரெஸ் கிரியேட்டிபி -ஓ மலர் கணக்கு’. அந்த ‘ஓ’ பெரிய எழுத்து. இனி ‘பிஎஸ்கியூஎல் கணக்கு’ என்றால் உள்ளே போய்விடலாம்.

சர்வர் முதலில் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே மெஷினுக்குள் மட்டும்தான் காது கொடுக்கும். தேவை வராதவரை அப்படியே விடுங்கள். வேறு மெஷினிலிருந்து இணைய வேண்டுமானால் ‘லிசன்_அட்ரசஸ்’ அமைப்பை மாற்றி, யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் ‘பிஜி_ஹெச்பிஏ’ கோப்பில் அந்த ஒரு ஐபி முகவரியை மட்டும் சேர்த்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே ‘டிரஸ்ட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாஸ்வேர்ட் கேட்காமலே யாரையும் விட்டுவிடும்.

சரி, பேக்கப். ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை போஸ்ட்கிரெஸ் பயனருக்கு உரிமையாக்குங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் பட்டியலான கிரான்டேபை ‘சூடோ கிரான்டேப் -யு போஸ்ட்கிரெஸ் -இ’ என்று திறந்து, தினமும் இரவு 2 மணிக்கு டேட்டாபேஸை நகலெடுக்கும் ‘பிஜி_டம்ப் -எஃப்சி கணக்கு’ ஓடி, அன்றைய தேதியுள்ள பெயரில் அந்த ஃபோல்டரில் சேமிக்கும்படி ஒரு வரி எழுதுங்கள். இங்கே நான் பட்டதைச் சொல்ல வேண்டும். தேதிக்காக சதவீதக் குறியை அப்படியே போட்டிருந்தேன். டெர்மினலில் அடித்துப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியது. மூன்று வாரம் கழித்து ஃபோல்டரைத் திறந்தால் ஒரு கோப்புகூட இல்லை. கிரான்டேபில் சதவீதக் குறி வந்தால், கட்டளை அங்கேயே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டதும் சரியானது.

அதனால் மாதம் ஒருமுறையாவது ‘சோதனை’ என்று காலி டேட்டாபேஸ் உருவாக்கி, ‘பிஜி_ரீஸ்டோர் -டி சோதனை’ என்று நேற்றைய கோப்பை அதில் ஏற்றுங்கள். முக்கியமான டேபிளில் எத்தனை வரிகள் என்று எண்ணி, அசலோடு ஒப்பிடுங்கள். பயனர்களும் பாஸ்வேர்டுகளும் பிஜி_டம்ப்பில் வராது. அதற்கு ‘பிஜி_டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி’ தனியாக வேண்டும். கோப்புகளை வேறொரு மெஷினுக்கும் நகலெடுத்து வையுங்கள்.

அழித்த, மாற்றிய வரிகள் விட்டுச்செல்லும் இடத்தை ‘ஆட்டோவாக்யூம்’ தானே சுத்தம் செய்யும். வேகம் கிடைக்கும் என்று யாராவது சொன்னாலும் அதை அணைக்காதீர்கள். ‘வாக்யூம் ஃபுல்’ வேறு விஷயம்: முடியும்வரை டேபிளைப் பூட்டிவிடும், வேலை நேரத்தில் வேண்டாம்.

சின்ன அப்டேட்டுகளுக்கு ‘ஆப்ட் அப்கிரேட்’ போதும். 15-லிருந்து 17-க்குப் போவது போன்ற பெரிய மாற்றத்துக்கு ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ இருக்கிறது. அதற்கு முன் ஒரு பேக்கப் எடுங்கள். பழைய கிளஸ்டரை உடனே அழிக்காமல், புதியதை ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள்.