அமைதியான பையன்தானே, அவன் குடிக்க மாட்டான்!

பத்தாவது படிக்கும் பையன் குடித்துவிட்டான் என்று தெரிந்ததும் வீட்டில் வரும் முதல் வார்த்தை 'கெட்ட சகவாசம்'. அடுத்து, கூட்டத்தில் வால்தனம் செய்கிற ஒருவன் மேல் பழி விழும். அந்தக் கணிப்பு பாதிதான் சரி.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் பாட்ரிசியா கான்ராட் இதில் நான்கு குணங்களைக் கவனிக்கச் சொல்கிறார். த்ரில் தேடுவது, யோசிக்காமல் சட்டென்று இறங்கிவிடுவது, எதிலும் நம்பிக்கை இல்லாமல் சோர்ந்து கிடப்பது, நெஞ்சு படபடத்தாலே என்னவோ ஆகிவிடும் என்று பயப்படுவது. முதல் இரண்டும் கண்ணில் படும். மற்ற இரண்டும் 'நல்ல பையன், அமைதியானவன்' என்ற பேருக்குள் ஒளிந்துகொள்ளும். கல்யாண மண்டப மொட்டை மாடியில் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கலந்து சுற்றுக்கு விடும்போது, வால் பையனுக்கு அது வேடிக்கை. கூச்சக்காரனுக்கோ, நாலு பேரோடு தயங்காமல் பேச முடிந்த முதல் ராத்திரி. அவன்தான் இன்னொரு தடவை தேடிப் போகக்கூடியவன்.

அப்புறம், குடியைத் தடுக்கப் பள்ளிகள் செய்வது: எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துக் கெட்டுப்போன கல்லீரல் படத்தைக் காட்டுவது. த்ரில் தேடுபவனுக்கு ஆபத்துதானே அழைப்பு! 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கப் பள்ளிகளெங்கும் பரவிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டம், போலீஸ்காரர்களைக் கொண்டே பாடம் நடத்தியது. சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டின. கான்ராட் குழு லண்டன் பள்ளிகளில் ஒரே குணமுள்ள பிள்ளைகளைச் சின்னக் குழுவாக்கி, 90 நிமிட வகுப்புகள் இரண்டே இரண்டு நடத்தியது. தங்களை இழுக்கும் எண்ணத்தைத் தாங்களே கண்டுபிடித்துச் சமாளிக்கும் பயிற்சி. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்தப் பள்ளிகளில் குடி குறைவாக இருந்தது. வகுப்புக்கே வராத பிள்ளைகளிடமும்கூட!

'வெளியே போய்க் குடிப்பதற்கு வீட்டிலேயே ஒரு வாய் கொடுத்துப் பழக்கலாம்' என்பார்கள் சில அப்பாக்கள். ஆஸ்திரேலியாவில் ஆறு ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இப்படிக் கொடுத்தது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியாரிடமும் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புதான் கூடியது. இந்தியச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

'இவன் குணமே இப்படி' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். குணம் தலையெழுத்து அல்ல. மலையேற்றமோ கபடியோ கிடைத்தால் த்ரில்லுக்கு அதுவும் வழிதான். பிடிபட்ட ராத்திரியே 'ஏன்டா குடிச்ச?' என்று கத்தினால் பதில் வராது. மறுநாள், கோபம் தணிந்தபின், 'குடிச்சப்ப எப்படி இருந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். 'பயம் போச்சு' என்றால் ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.