தெளிவாக இருந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தமா? பாலிமர் கலவைகளில் நேரும் தவறுகள்

இரண்டு பாலிமர்களை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக், ரப்பர் போன்றவை) உருக்கிக் கலந்து தகடாக அழுத்துகிறோம். தகடு பளிச்சென்று தெளிவாக வருகிறது. உடனே "இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன" என்று எழுதிவிடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. ஒளி சிதறவில்லை என்பதைத் தவிர, தெளிவு வேறெதையும் சொல்வதில்லை. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் ஒளி சிதறாது. பிரிந்து கிடக்கும் துளிகள் கண்ணுறு ஒளியின் அலைநீளத்தைவிட (400 முதல் 700 நானோமீட்டர்) மிகச் சிறியவையாக இருந்தாலும் சிதறாது. தெளிந்த ஏபிஎஸ் (ரப்பர் துகள் சேர்த்த ஒரு பிளாஸ்டிக்) இப்படித்தான் தயாராகிறது. ரப்பர் துகள்கள் அதில் தனியாகவே இருக்கின்றன. ஒளிவிலகல் எண்ணைத்தான் பொருத்திவிடுகிறார்கள். சூடாக்கிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். ரப்பரின் எண் வேகமாகக் குறைய, தகடு மங்கத் தொடங்கும்.

மங்கலாக இருந்தால் கலக்கவில்லை என்பதும் தப்புக் கணக்கே. பிவிடிஎஃப் (ஃப்ளோரின் கொண்ட ஒரு பிளாஸ்டிக்), பிஎம்எம்ஏ (அக்ரிலிக் கண்ணாடி) இரண்டும் உருகிய நிலையில் நன்றாகக் கலக்கும். பிவிடிஎஃப் அதிகமாக இருந்தால், ஆறும்போது அது படிகமாகி வெளுத்துவிடும்.

கரைப்பானில் கரைத்துப் படலம் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாலிஸ்டைரீனையும் பாலிவினைல் மெத்தில் ஈதரையும் டொலுவீனில் கரைத்து உலர்த்தினால் தெளிந்த படலம் கிடைக்கும். அதே ஜோடியைக் குளோரோஃபார்மில் கரைத்தால் பிரிந்துபோன மங்கல் படலம் வரும், இத்தனைக்கும் குளோரோஃபார்ம் இரண்டையும் தாராளமாகக் கரைக்கும். ஆக, ஒரே ஒரு கரைப்பானை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எடுத்த படலத்தைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (விறைத்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) மேல் சிறிது நேரம் வைத்திருந்து, அது மாறுகிறதா என்று பார்ப்பது நல்லது.

"சரியாகக் கலக்கவில்லையா, இன்னும் சூட்டை ஏற்று" என்பார்கள். பல ஜோடிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: சூடு ஏறினால்தான் பிரியும். மேலே சொன்ன பாலிஸ்டைரீன் ஜோடியே அந்த ரகம். மங்கும் வெப்பநிலையை அளக்கும்போதும் அவசரம் ஆகாது. பிரிவதற்கு நேரம் பிடிக்கும். வேகமாகச் சூடேற்றினால் உண்மையைவிட உயர்ந்த எண்தான் கைக்கு வரும்.

மூலக்கூறு எடை வேறான சரக்கை மாற்றிவிட்டு, பழைய முடிவையே நம்பியிருப்பதும் உண்டு. சங்கிலி நீளம் கூடக் கூட, கலப்பதால் கிடைக்கும் என்ட்ரோபி (கலக்கத் தூண்டும் ஒழுங்கின்மை) சுருங்கிக்கொண்டே போகும். ஆயிரம் அலகு நீளமுள்ள இரு சங்கிலிகளுக்கு, பாலிமர் கலப்புக்கான ஃப்ளோரி–ஹக்கின்ஸ் கணக்குப்படி, இடைவினைக் காரணி (இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.002ஐத் தாண்டினாலே கலவை பிரியலாம்.

கண்ணை நம்பாதவர்கள், சூடாக்கும்போது பொருள் உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியிடம் போவார்கள். ஒரே ஒரு நிலைமாற்ற வெப்பநிலை தெரிந்தால் ஒரே கலவை என்பது அங்கே பொது வழக்கம். அந்த வெப்பநிலை பாலிஸ்டைரீனுக்குச் சுமார் 100 டிகிரி செல்சியஸ், பிபிஓவுக்கு (பாலிஃபினைலீன் ஆக்சைடு) சுமார் 210 டிகிரி. இரண்டும் விலகி நிற்பதால், இந்த ஜோடிக்கு அந்த வழக்கம் அழகாகப் பொருந்தும். ஆனால் பிஎம்எம்ஏ, எஸ்ஏஎன் (ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல்) இரண்டுக்குமே அந்த வெப்பநிலை 105 டிகிரியை ஒட்டித்தான் வரும். கலந்தாலும் கலக்காவிட்டாலும் வரைபடம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஜோடியில் கண்ணைத்தான் அதிகம் நம்பலாம்: ஒளிவிலகல் எண்கள் 1.49, 1.57 என விலகி நிற்பதால், ஓரளவு பெரிய துளிகளாகப் பிரிந்தால் மங்கல் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும்.