சீர்ப் பாத்திரம் திரும்பி வந்த நாள்: விவாகரத்துக்குப் பிறகான கதையைக் குறும்படமாக எழுதுவது எப்படி?

முதல் முறையாகக் குறும்படம் எழுதுகிறவர்களுக்கான செய்முறை இது. 12 முதல் 15 நிமிடப் படம். விவாகரத்து முடிந்து அப்பா வீட்டில் இருக்கிற ஒரு பெண். ஊர் கும்பகோணம் பக்கம். பார்க்கிறவர்கள் சிரிக்கவும் வேண்டும், தொண்டையும் அடைக்க வேண்டும். கேமரா, எடிட்டிங் பக்கம் நான் போகவில்லை. பேப்பரில் எழுதி முடிப்பது வரைதான்.

1. கோர்ட்டில் ஆரம்பிக்காதீர்கள்

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்பது கணக்கு. என் முதல் பிரதியில் கோர்ட் சீன் மட்டும் ஆறு பக்கம் ஓடியது. பாதிப் படம் வக்கீல்கள் பேசியே தீர்ந்துபோனது. அந்தப் பெண்ணுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. நம் கதை மறுபடி ஆரம்பிக்கிறதைப் பற்றியது. அதனால் தீர்ப்பு வந்த மறுநாளுக்கோ மறுவாரத்துக்கோ நேரே போய்விடுங்கள். பிரிந்த காரணத்தை முதல் மூன்று பக்கத்துக்குள் யாரும் வாயைத் திறந்து சொல்லக்கூடாது.

2. ஒரு பொருளைக் கையில் எடுங்கள்

எனக்கு மிகவும் உதவிய படி இதுதான். உங்கள் கதாபாத்திரத்தின் சோகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, அதே சோகம் ஒட்டியிருக்கிற ஒரு சாமானைத் தேடுங்கள்.

டெல்டாவில் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தேட வேண்டியதே இல்லை. சீர்ப் பாத்திரம் இருக்கிறது. கும்பகோணம் பாத்திரக் கடையில் குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு என்று எடுத்து, பேர் வெட்டித் தரச் சொல்வோம். கடைக்காரர் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு சின்ன மெஷினை வைப்பார். கிர்ரென்று சத்தம், புள்ளி புள்ளியாக எழுத்து எழும். பெண் பேர், மாப்பிள்ளை பேர், முகூர்த்தத் தேதி. விவாகரத்தானதும் அந்தக் குடமும் வீடு திரும்புகிறது, இரண்டு பேரோடும். கல்யாண ஆல்பத்தைப் பரணில் போட்டுவிடலாம். குடத்தில் தினமும் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

3. அந்தப் பொருளை வைத்து ஒரு சீன் எழுதுங்கள்

சீன் தலைப்பில் மூன்று விஷயம் போதும்: உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா. கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும் எழுத வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

காட்சி 1. வெளி. அப்பா வீட்டு வாசல். பகல்.

குட்டியானை (சின்ன லோடு வண்டி) வந்து நிற்கிறது. டிரைவர் தார்ப்பாயை விலக்குகிறார். உள்ளே பாத்திரங்கள். தாய்மாமன் கையில் கல்யாணத்தின்போது எழுதிய சீர் லிஸ்ட், நாலாக மடித்த தாள். திண்ணையில் அப்பாயி. நிலைப்படியில் செல்வி.

மாமா: சில்வர் குடம் ரெண்டு.
டிரைவர்: ரெண்டு.
மாமா: பித்தளை அண்டா ஒண்ணு.
டிரைவர்: இருக்குங்க.
மாமா: ஜல்லிக்கரண்டி.
டிரைவர்: (குனிந்து தேடுகிறார்) அது இல்லீங்களே.
மாமா: நல்லாப் பாருப்பா. கனமா இருக்கும். நான் நின்னு வாங்குனது.
அப்பாயி: விடுங்க தம்பி. ஒரு கரண்டிக்குப் போயி…
மாமா: கரண்டிக்கு இல்லத்தே. கணக்குன்னா கணக்கு.

செல்வி உள்ளே போகிறாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம். ஜல்லிக்கரண்டியோடு வருகிறாள்.

செல்வி: இங்க இருக்கு மாமா.
அப்பாயி: இது எப்படிடி உன் பொட்டிக்குள்ள வந்துச்சு?
செல்வி: கிளம்புன அன்னிக்கு அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தேன் அப்பாயி. பஸ் ஏறுனப்புறம்தான் கையில இருக்கறதப் பாத்தேன்.

மாமா தாளைப் பார்க்கிறார். பேனாவால் ஒரு டிக் போடுகிறார்.

அன்றைக்கு அந்த அடுப்படியில் என்ன நடந்தது என்று படம் முடிகிற வரை சொல்ல வேண்டாம். கொதிக்கிற எண்ணெயை விட்டுவிட்டு ஒருத்தி பஸ் ஏறினாள் என்பது போதும். கரண்டியைத் தேடும்போது சிரித்தவர்கள் அந்த டிக்கில் அமைதியாகிவிடுவார்கள். சிரிப்புக்கு ஒரு சீன், அழுகைக்கு இன்னொரு சீன் என்று பிரித்து எழுதினால் இது நடக்காது. இரண்டும் ஒரே கரண்டியில் இருக்க வேண்டும்.

4. சிரிப்பு அவளைச் சுற்றி இருக்கட்டும்

விவாகரத்தான பெண்ணைக் கேலிப் பொருளாக்கும் ஒரு வரிகூட வேண்டாம். அவளை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற சொந்தக்காரர்களிடம்தான் நகைச்சுவை இருக்கிறது. அவர்களின் தவிப்பில் பாசமும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

குத்தாலம் பக்கத்துத் திருமணஞ்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்கிறவர்கள் அங்கே மாலை வாங்கி வீட்டில் வைத்திருப்பார்கள். கல்யாணமானதும் ஜோடியாகத் திரும்ப வந்து பிரார்த்தனையை முடிப்பார்கள். செல்வி ஏற்கெனவே அதையெல்லாம் செய்து முடித்தவள். இப்போது அம்மா, "மாயவரத்துல ஒரு வேலை இருக்கு, கூட வா" என்று பொய் சொல்லி அவளைப் பஸ் ஏற்றுகிறாள். சுற்றிலும் மடியில் மாலையோடு பெண்கள். கண்டக்டர் கேட்காமலேயே ரெண்டு திருமணஞ்சேரி கிழித்துக் கொடுக்கிறார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இதற்கு டயலாக்கே வேண்டாம்.

மாப்பிள்ளையை வில்லனாக்குவதும் வேண்டாம். இவளுக்குப் பிடிக்குமே என்று குத்துவிளக்கைத் துலக்கி அனுப்பிய ஆளாகவும் அவர் இருக்கலாம்.

5. சட்டத்தைச் சரிபாருங்கள்

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13பி படி சம்மத விவாகரத்துக்கு இருவரும் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு. தகுந்த வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது. ஆக, கரண்டி ஒரு வருஷத்துக்கு மேலாகப் பெட்டியில் கிடந்திருக்கிறது. இது கதைக்கே பலம். பெண்ணின் சீதனம் அவளுடைய சொத்துதான் என்பதையும் உச்ச நீதிமன்றம் 1985லேயே உறுதிசெய்துவிட்டது. பாத்திரம் திரும்பி வருவதை யாரோ போட்ட தயவு மாதிரி எழுதிவிடாதீர்கள்.

6. ஆற்றைப் பார்த்து ஒன்லைன் (காட்சிகளின் வரிசை) போடுங்கள்

மேட்டூர் அணை ஜூன் 12 திறப்பது வழக்கம். அங்கே திறந்த தண்ணீர் கல்லணை வர மூன்று நாள் ஆகும், கடைமடைக்கு இன்னும் பிந்தும். அணையில் நீர் போதாத வருஷம் தள்ளிப்போகும்: 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். மே மாதம் எடுத்தால் ஆறு வெறும் மணல்; பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆடியில் அதே இடத்தில் படித்துறை முங்கியிருக்கும். பாத்திரம் வந்து இறங்குவதை மே மாதத்திலும் கடைசிக் காட்சியை ஆடியிலும் வைத்தால், காலம் ஓடியதைச் சொல்ல எழுத்துப் போட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்கள்: ஆடியில் வயலில் குறுவை நெல் பச்சையாக நிற்கும், பின்னணியில் கதிர் அறுப்பு வந்துவிடக்கூடாது.

7. டயலாக்கை வாய்விட்டுப் படியுங்கள்

வீட்டில் வயதானவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எங்கே அவர் "இப்படியா பேசுவாங்க?" என்கிறாரோ அங்கே வெட்டுங்கள். "நான் உடைஞ்சு போயிட்டேன்" மாதிரி வரிகள் தானாக உதிர்ந்துவிடும்.

8. முடிவு

இரண்டாம் கல்யாணத்தில் முடிக்க வேண்டும் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கல்யாணமான பெண்கள் தாலிக் கயிறு மாற்றுவார்கள். கல்யாணமாகாத பெண்களும் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள், ஆண்கள் மணிக்கட்டில். செல்வி எங்கே கட்டிக்கொள்வது?

நான் எழுதியது இப்படி. அத்தாச்சி கயிறு கொடுத்துக்கொண்டே வருகிறாள். செல்வி முன்னால் வந்ததும் கை ஒரு நொடி நிற்கிறது. செல்வி தானே ஒரு கயிறை எடுக்கிறாள். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுகிற மாதிரி, கொண்டுவந்த சில்வர் குடத்தின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். அப்பாயி பொக்கைவாய் தெரியச் சிரிக்கிறாள். செல்வி குடத்தை ஆற்றில் அமுக்கி நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறாள்.

பேர் வெட்டிய பக்கம் கேமராவுக்குத் தெரிய வேண்டுமா, அவள் இடுப்புப் பக்கம் இருக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பாருங்கள். எனக்கு இடுப்புப் பக்கம்தான் பிடித்திருந்தது.