செப்புச் சிக்கல் செய்பவர்களுக்கு அக்கா சொல்வது

பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில், புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் உலோகச் சிக்கல் (உலோகத்தை வேறொரு மூலக்கூறு பிடித்திருக்கும் சேர்வை) செய்ய இறுதியாண்டுச் செயற்திட்டம் தொடங்கும் தம்பி தங்கச்சிமார் முதலில் கேட்பது, "எந்த உலோகம் அக்கா?" என்றுதான். செப்பு என்பேன். பிளாற்றினத்துக்குக் காசு வேண்டும். செப்பு அசற்றேற்று அலுமாரியில் கிடக்கிறது.

சேர்வை செய்வது சுகம். 2 மில்லிமோல் சலிசிலல்டிகைட்டை (0.244 கிராம்) சூடான எதனோலில் கரைத்து, 1 மில்லிமோல் எதிலீன்டையமீனை (0.067 மில்லிலீற்றர்) துளித்துளியாக விடுங்கள். புகைக்கூண்டுக்குள்தான், கையுறையோடு. பளிச்சென்ற மஞ்சள் படிகம் இறங்கும். அதுதான் இணையி, அதாவது உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறு, பெயர் சாலென். வடித்து உலர்த்தி உருகுநிலை பாருங்கள். 125 முதல் 128 பாகைக்குள் உருகாவிட்டால் திரும்பப் படிகமாக்குங்கள். பிறகு அதில் 0.134 கிராமுக்கு 0.1 கிராம் செப்பு அசற்றேற்று, இரண்டையும் சூடான எதனோலில் சேர்த்து ஒரு மணித்தியாலம் மீள்கொதிக்க வைத்தால் கரும்பச்சைத் தூள் வரும். கரண்ட் போனால் தண்ணீர் மோட்டரும் நிற்கும், ஆவியைக் குளிரவைக்கும் ஒடுக்கிக்குத் தண்ணீர் வராது. ஓடிப்போய்ச் சூட்டை நிறுத்துங்கள்.

தூளைக் குளிர்ந்த எதனோலால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் கிட்டவும் வரக்கூடாது. நம் வீட்டுக் கேத்தலில் படியும் வெள்ளைக் கல்லை நினைத்துப் பாருங்கள், அந்த உப்பு தூளிலும் ஒட்டிவிடும். ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையில் இணையிக்கு 1635 cm⁻¹ அளவில் இருக்கும் கார்பன்-நைதரசன் பிணைப்பின் கோடு சிக்கலில் கொஞ்சம் கீழிறங்கியிருந்தால், நைதரசன் செப்பைப் பிடித்துவிட்டது என்று நம்பலாம்.

சரி, புற்றுநோய்க் கலங்களில் சோதனை. நான் அடி வாங்கியது இங்கேதான். எங்கள் சேர்வை, பிளாற்றினம் உள்ள புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாற்றினைவிட நன்றாகக் கலங்களைக் கொன்றது என்று முடிவு வந்தது. இரண்டு கிழமை தலைகால் புரியவில்லை. பிறகுதான் பிழை தெரிந்தது: சிஸ்பிளாற்றினையும் டிஎம்எஸ்ஓ என்ற கந்தகமுள்ள கரைப்பானில் கரைத்திருக்கிறேன். அதன் கந்தகம் பிளாற்றினத்தில் இருக்கும் குளோரைட்டைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும், மருந்து செத்துவிடும். 1965இல் அமெரிக்க விஞ்ஞானி ரோசன்பேர்க் பிளாற்றின மின்வாய்களுக்கிடையே ஓடிய மின்னோட்டத்தில் பற்றீரியா பிரியாமல் நீள்வதைக் கண்டதில் தொடங்கி, 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தை நான் போத்தலிலேயே கெடுத்துவிட்டு, அதை வென்றேன் என்று குதித்திருக்கிறேன். சிஸ்பிளாற்றினை 0.9 வீத உப்புநீரில், அன்றன்றைக்கு, வெளிச்சம் படாமல் கரையுங்கள். சாலென் சிக்கல் தண்ணீரில் கரையாது, அதற்கு டிஎம்எஸ்ஓ சரி. ஆனால் கலங்கள் வளரும் தட்டின் குழியில் டிஎம்எஸ்ஓவின் கடைசி அளவு 0.5 வீதத்தைத் தாண்டக்கூடாது.

எத்தனை கலங்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்கும் எம்ரிரி சோதனையில் உயிருள்ள கலங்கள் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும். 570 நனோமீற்றரில் அளப்போம். நம் சேர்வைக்கே நிறம் உண்டே! அதனால் கலமில்லாத குழிகளிலும் ஒவ்வொரு செறிவையும் விட்டு, அந்த வாசிப்பைக் கழியுங்கள். தனி இணையிக்கு ஒரு வரிசை, டிஎம்எஸ்ஓவுக்கு ஒரு வரிசை, புற்றுநோயில்லாத கலங்களுக்கு இன்னொரு தட்டு. வெறும் செப்பு அசற்றேற்றுக்கும் ஒரு வரிசை கட்டாயம் வையுங்கள். திருத்திச் செய்தபோது எங்கள் சிக்கலும் வெறும் செப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கொன்றன, அதாவது கொன்றது செப்பாகவே இருக்கலாம். அதை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.