மாடியில் சோலார் போடும்போது எர்த்தைக் கவனியுங்கள்

ராயபுரம், காசிமேடு பக்கம் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் எர்த் குழி தோண்ட இடமில்லை என்று சொல்லி, சில எலக்ட்ரீஷியன்கள் இன்வெர்ட்டர் எர்த்தை நியூட்ரலோடு சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நியூட்ரல் அறுந்தால் பேனல் ஃபிரேமிலேயே கரண்ட் வந்துவிடும், துணி காயப்போட மாடிக்குப் போகிறவர் அதைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வாசல் ஓரம் ஓரடி இடம் இருந்தாலும் 3 மீட்டர் காப்பர் பூசிய ராடு இறக்கிவிடலாம். இடிதாங்கிக்குத் தனி ராடு வேண்டும்.

அப்புறம் நம்ம பக்கத்து உப்புக்காற்று. உப்பு ஊறிய மண்ணில் எர்த் ரீடிங் (எர்த்தின் மின்தடை அளவு, ஓமில்; குறைவாக இருந்தால் நல்லது) முதல் நாள் அருமையாகத்தான் காட்டும், ஆனால் அதே உப்பு கிளாம்ப்பையும் நட்டையும் சீக்கிரம் அரித்துவிடும். அலுமினிய ஃபிரேமில் வெறும் காப்பர் கம்பியை நேராக முறுக்கினால் இன்னும் மோசம். வெள்ளீயம் பூசிய லக்கும் (கம்பி முனையில் மாட்டும் இணைப்புத் துண்டு) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள், பெரிய செலவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால், எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்கு மேல் போனால் முதலில் அந்தக் கிளாம்ப்பைப் பாருங்கள்.