ஸ்டோமாவைச் சுற்றித் தோல் புண்ணாகுதா? முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள்

குடல் ஆபரேஷனில் அப்பாவுக்கு வயிற்றில் மலம் வெளியேற ஒரு வாய் வைத்தார்கள், அதுதான் ஸ்டோமா. மலம் பிடிக்க அதன்மேல் ஒரு பை ஒட்ட வேண்டும். அவரைப் பாலக்கோட்டுக்குக் கூட்டி வந்த ஒரு மாதத்தில், பையைச் சுற்றித் தோல் வெந்தது மாதிரி சிவந்துவிட்டது. "பசை ஒத்துக்கலை" என்று நாங்களே முடிவு கட்டினோம். பசை மேல் தப்பில்லை, பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் பிளேட்டில் ஸ்டோமாவுக்காக நாங்கள் வெட்டிய ஓட்டைதான் பெரிசு.

ஆபரேஷனில் வீங்கிய ஸ்டோமா முதல் 6 முதல் 8 வாரங்களில் சுருங்கும். நாங்களோ முதல் நாள் அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தோம். இடைவெளியில் மலம் தேங்கித் தோலை அரித்தது. சிறுகுடல் ஸ்டோமா என்றால் எரிச்சல் இன்னும் அதிகம், அதில் ஜீரண நீர் கலந்து வரும்.

1. நேரம்: காலையில், களி உள்ளே போகும் முன். வரத்து அப்போதுதான் குறைவு.

2. கழற்றுவது: பிளேட்டைப் பிய்த்து இழுக்காதீர்கள். மேலே ஓரத்தை லேசாகத் தூக்கி, விரலால் தோலை அழுத்தி விலக்கிக்கொண்டே கீழே வாருங்கள். கழற்றியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பசை கரைந்து கொழகொழவென்று இருக்கிறதோ, அங்கேதான் கசிவு. அப்பாவுக்கு எப்பவும் கீழ்ப்பக்கம். உட்கார்ந்தால் வயிறு மடியும் இடம்.

3. கழுவுவது: வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும். டெட்டால், வாசனை சோப்பு வேண்டாம். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. பக்கத்து வீட்டு அத்தை சொன்னாரென்று தடவிவிட்டு, தருமபுரி பஸ்ஸில் பாதி வழியில் பை கழன்று நாங்கள் பட்ட பாடு! துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வந்தால் பயப்படாதீர்கள்.

4. அளவு: அளவு அட்டையை (பல அளவில் வட்ட ஓட்டைகள் உள்ள அட்டை) ஸ்டோமா மேல் வைத்துப் பாருங்கள். ஸ்டோமாவை விட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். ஸ்டோமா முழு வட்டமாக இல்லையென்றால், பிளாஸ்டிக் தாளில் அதன் வடிவத்தை வரைந்து அதைப் பார்த்து வெட்டலாம். வெட்டிய ஓரத்தை விரலால் தடவிச் சொரசொரப்பை நீக்குங்கள்.

5. ஒட்டுவது: தோல் நன்றாகக் காய வேண்டும். ஈரம் கசிகிற புண்ணில் மட்டும் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். அப்படியே விட்டால் பிளேட் ஒட்டாது. ஸ்டோமா பேஸ்ட் ஒட்டுகிற பசை இல்லை, பள்ளத்தை நிரப்பத்தான். ஒட்டியபின் உள்ளங்கையால் ஓரிரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சூட்டில்தான் நன்றாகப் பிடிக்கும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யுங்கள், கனத்தால் இழுபடாது. சித்திரை வெயிலில் வியர்வைக்குப் பிளேட் சீக்கிரம் தளரும். நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றியதை நாங்கள் மூன்றாக்கினோம். புது பிளேட்டுகளைத் தகரக் கூரைக்கடியில் வைக்காதீர்கள். பிளேட்டுக்கடியில் அரித்தாலோ எரிந்தாலோ நாள் கணக்கு பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

அரிப்போடு சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டோமா கறுத்தாலோ ஊதா நிறமானாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.